களையெடுப்போர் கணக்கு

பெண் பார்க்கச் செல்வோர் முன்னாளிற் சாதகக் கட்டு ஒன்றையே கேட்டனர். இந்நாளில் அதனோடு இரத்தச் சோதனைத் தாளையும் கேட்கத் தலைப்பட்டுள்ளனர். சாதகத்தினும் சோதனைத்தாள் ஆயிரமடங்கு மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அத்தாளைக் கையில் வாங்கிய பின்னர் நம்மவர் பேசும் பேச்சோ, சோதிடன் பேச்சினும் எள்ளளவும் மேம்பட்டதாக இல்லை. "பெண்ணிடம் தலசீமியாக் கூறு இருக்கிறதாம், இரத்தத்திலே குறை, அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டா" என்று கூறி எழுந்து போகின்றனர். தம் மகன் அச்சோதனையைச் செய்துகொண்டானா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாரைக் காணோம். செவ்வாய் தோஷம் இருந்த இடத்திலே இரத்த தோஷம் வந்து குடியேறிற்று, அவ்வளவே.

கற்றவர் சிலரோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர். "இத்தகையோர் மணஞ் செய்துகொள்ளாதிருப்பின், இந்நோய் இரண்டு மூன்று தலைமுறைகளில் நாட்டை விட்டே ஒழியும், பயிரிற் களையெடுப்பதுபோல் மக்களினத்திலும் களையெடுத்தல் வேண்டும்" என்பது அவர்தம் வாதம். முன்னவர் அறியாமையாற் பேசுகின்றனர்; பின்னவர் அறிவியலின் பெயராற் பேசுகின்றனர். ஆதலின் பின்னவரையே நாம் முதற்கண் வழிமறித்துக் கேட்க வேண்டியவராயினோம். ஐயன்மீர், தங்கள் கணக்கு யாது? அதைச் சிறிது விரித்துக் காட்டுவீர்களா?

பொருளை முதலில் தெளிவோம். நம் உடலில் மரபணுக்கள் இரட்டை இரட்டையாக உள்ளன. தந்தை வழி ஒரு படி, தாய் வழி ஒரு படி. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையாற் பாடபேதம் தோன்றுமன்றோ? அதுபோலவே ஒரே மரபணுவுக்கும் வேறு வேறு பாடங்கள் உண்டு. அவற்றை மாற்றுருக்கள் என்பர். ஒரு நாட்டு மக்கள் அனைவரிடத்தும் உள்ள படிகளைத் தொகுத்தெண்ணி, அவற்றுள் இன்ன பாடம் நூற்றுக்கு இத்தனை என்று கூறுவதே அம்மாற்றுருவின் விகிதம். தலசீமியாவை விளைப்பது, குருதியின் செம்பொருளாகிய ஹீமோகுளோபினை ஆக்கும் மரபணுவின் பழுதுற்ற பாடம். இரு படிகளுள் ஒன்று மட்டும் பழுதாயின் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். அவர் உண்பார், உழைப்பார், பிள்ளை பெறுவார், மூத்து இறப்பார். சோதித்தாலன்றி அவர்க்கே அது தெரியாது.

இரண்டும் பழுதாய்ப் பிறந்த குழந்தையின் நிலையோ கல்லையும் கரைப்பது. ஓராண்டு ஈராண்டு நிறைவதற்குள் வெளிறிச் சோரும். திங்கள்தோறும் பிறர் குருதியை ஏற்றினாலன்றி உயிர் தரியாது. ஏற்றிய குருதியின் இரும்பே இதயத்திலும் ஈரலிலும் படிந்து பகையாகும். அவ்விரும்பை வெளியேற்ற இரவிரவாகத் தோலின்கீழ் ஊசி செருகி மருந்து செலுத்துவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. வாய்வழி உண்ணும் மருந்துகள் பின்னரே வந்தன. பொருத்தமான எலும்புமச்சை கிடைத்து மாற்றப்பெற்றோர் குணமடைந்ததும் உண்டு; அந்நற்பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இத்துன்பத்தை நாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை என்பதை வாசகர் மனங்கொள்க.

மலேசியாவில் இப்பழுதுற்ற பாடத்தை ஒற்றைப் படியாகச் சுமப்போர் நூற்றுக்கு நான்கைந்து பேர் என மருத்துவர் கணக்கிடுகின்றனர். சுமப்போர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கிலொரு பங்கு நோய்க்கு இடமுண்டு. சுமப்பவர் ஒருவரும் சுமவாதவர் ஒருவரும் மணந்தாலோ, அவர்க்குப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்நோய் வாராது. சில பிள்ளைகள் தாயைப்போலவோ தந்தையைப்போலவோ சுமப்போராய் நலமே வாழும். எழுந்து போன வீட்டார் இவ்வொரு வரியை அறிந்திருப்பின் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

இனிக் களையெடுப்போர் கணக்கிற்கு வருவோம். இக்கணக்கின் அடிப்படையை 1908-ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க். மற்றவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி. ஆம், பின்னர் 1914-இல் நம் கும்பகோணத்து இராமானுஜனைக் கடல்கடந்து வரச்செய்த அதே ஹார்டிதான். உயிர்நூலில் தமக்குப் புலமையில்லை என்று ஒதுங்கி நின்றுகொண்டே, உயிர்நூலார் பலர் தடுமாறிய இடத்தை அவர் ஒரு சிறு கடிதத்தில் தெளிவாக்கினார். மக்கள் தொகை பெரிதாயிருந்து, மணங்கள் இம்மாற்றுருவை நோக்காது நடந்து, ஒருவர்க்கும் இதனால் நலமோ கேடோ விளையாது, புறத்திலிருந்து வருவாரும் போவாரும் இன்றி, புதுப் பிழையும் தோன்றாதிருப்பின், மாற்றுருவின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாது நிற்கும் என்பதே அது. அரியது அரியதாக இருப்பதனாலேயே தேய்ந்தொழியாது. மிகுந்தது மிகுந்ததனாலேயே பெருகவும் செய்யாது. மாற வேண்டுமாயின் மாற்றுவது ஏதேனும் ஒன்று வேண்டும்.

மாற்றுவதாகக் களையெடுப்போர் கருதுவது நோயுற்றாரின் பிள்ளைப்பேறின்மையை. நன்று, எண்ணிப் பார்ப்போம். 2500 பேர் வாழும் ஓர் ஊரில் இருபத்தைந்தில் ஒருவர் சுமப்பவர் எனின், அவர் தொகை 100. இரு படியும் பழுதாய் நோயுற்றவர் ஏறத்தாழ ஒருவர். ஆக ஊரிலுள்ள பழுதுப் படிகள் 102. நோயுற்ற அவ்வொருவரும் பிள்ளையின்றி இறந்தால் ஊர் இழப்பது இரண்டு படிகளை. எஞ்சிய 100 படிகளும் நலமுள்ளோர் உடலில் மறைந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இவ்வாறே ஒவ்வொரு தலைமுறையிலும் நோயுற்றார் ஒருவர் தவறாமல் பிள்ளையின்றி மாண்டாலும், விகிதம் பாதியாகக் குறைய ஐம்பது தலைமுறைகள் வேண்டும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு எனின் 1250 ஆண்டு. பல்லவர் காஞ்சியில் அரசிருந்த காலத்தில் இக்களையெடுப்பைத் தொடங்கியிருந்தால் இன்று பாதி முடிந்திருக்கும்! அப்பாதி மீண்டும் பாதியாக 2500 ஆண்டு, ஏனெனில், அருக அருகப் பழுதுப் படிகள் ஒன்றையொன்று சந்திப்பதும் அருகும், சந்தியாதது வெளிப்படாது, வெளிப்படாததைக் களைவது எங்ஙனம்? இத்தகைய கணக்கொன்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட் 1917-லேயே போட்டுக் காட்டினார். நூறாண்டு கடந்தும் நம் மேடைகளில் இரண்டு மூன்று தலைமுறை என்ற பேச்சு ஓயவில்லை.

"அங்ஙனமாயின் சுமப்போர் அனைவரையுமே மணமின்றி நிறுத்துவோம்" என்று கூறுவாரும் உளர். மலேசியாவில் மட்டும் அவர் தொகை பத்து இலட்சத்துக்கு மேற்படும். அது கிடக்க. தலசீமியா ஒன்றுதானா பழுது? இரண்டு சேர்ந்தாற் கேடு விளைக்கும் ஒற்றைப் பழுதுகள் ஒன்றிரண்டையேனும் சுமவாத மனிதர் உலகில் அரியர். இச்சட்டத்தை இயற்றுவோரும், அச்சிடுவோரும், அதை நிறைவேற்ற வரும் அலுவலரும் ஏதேனும் ஒன்றின்படி விலக்கப்பட வேண்டியவரே. பயிர் எது, களை எது என்று பிரித்துக்காட்ட வயலிலே எவர் நிற்பார்?

நிற்க. இப்பழுது இத்துணை மிகுதியானது எவ்வாறு? குடும்பங்களின் பாவமா, முன்னோர் சாபமா, கீழ் இரத்தக் கலப்பா? ஒன்றுமன்று. அதை வளர்த்தது கொசு.

நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் தலசீமியா மிகுந்திருப்பதை நோக்கிய ஹால்டேன் என்னும் அறிஞர், ஒற்றைப் படி சுமப்போர்க்கு மலேரியாவினின்று காப்பு இருத்தல் கூடும் என்று 1949-இல் கருதினார். 1954-இல் ஆலிசன் என்னும் மருத்துவர், அரிவாள் வடிவாகக் குருதியணு வளையும் மற்றொரு மாற்றுருவைக் கிழக்காப்பிரிக்காவில் ஆராய்ந்து, ஒற்றைப் படி சுமப்போரைக் கொடிய மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்று காட்டினார். இரண்டு படியுடைய குழந்தை சோகையால் மாய்கின்றது. ஒரு படியுமில்லாத குழந்தை சுரத்தால் மாய்கின்றது. ஒரு படியுடையதே பெரும்பாலும் பிழைத்து வளர்ந்து தன் பாடத்தை அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கின்றது. இழப்பும் ஊதியமும் ஒத்து நிற்கும் இடத்தில் அவ்விகிதம் ஏறாமல் இறங்காமல் நிலைபெறும். சார்டினியாத் தீவில் சதுப்பு நிலத்தூர்களில் தலசீமியா மிகுதி. கொசு ஏறாத மலையூர்களில் குறைவு. இருசாராரும் ஒரே மொழியினர், ஒரே இனத்தார்.

அரிவாளணு 'நீக்ரோ இரத்தத்தின்' அடையாளம் என்று அமெரிக்க வெள்ளையர் சிலர் ஒரு காலத்தில் எழுதிக் குவித்தனர். தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் அது மிக அரிது. கிரேக்க நாட்டுச் சில ஊர்களில் மிகுதி. நம் நீலகிரியின் மலைவாழ் மக்களிடையே அது உண்டென்பதை லேமன், கட்பஷ் என்னும் இருவர் 1952-இல் வெளியிட்டனர். நிறத்தைக் கண்டு வருவதன்று இது. தேங்கிய நீரைக் கண்டு வருவது.

நாம் வாழும் இந்நாடும் இதற்கு விலக்கன்று. கிளந்தான் முதலிய வட பகுதிகளின் மலாய்க்காரரிடையே ஹீமோகுளோபின் 'ஈ' என்னும் மாற்றுரு மிகுதி; அதற்கப்பால் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றும் கூடும் நிலத்திலோ சில ஊர்களில் மக்களுட் பாதிப்பேர் அதனைச் சுமக்கின்றனர். அது அவ்வளவு பரவியது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. (இதுவும் தலசீமியாப் படியும் ஒரே குழந்தையிற் கூடினால் அதுவும் நோயே, சோதனையில் இரண்டையும் பார்ப்பது அதனால்தான்.) பழங்குடி மக்களிடத்தும் மலாய்க்காரரிடத்தும் குருதியணுவை முட்டை வடிவாக்கும் மற்றொரு மாற்றுரு உண்டு. அதன் இரு படியும் பெற்ற கரு பெரும்பாலும் பிறப்பதே இல்லை. ஒரு படி பெற்றவரையோ மூளையைத் தாக்கும் மலேரியா அணுகுவது அரிது. இத்துணைக் கொடிய விலைக்கு வாங்கிய காப்பு அது.

இரப்பர்த் தோட்டங்களுக்குக் காடழிக்க வந்து, குளிரும் சுரமும் கண்டு, பெயரும் குறிக்கப்பெறாமல் மண்ணுக்குள்ளே போன தமிழரின் பேரப்பிள்ளைகளுக்கு மலேரியா என்னவென்று நாம் விளக்க வேண்டுவதில்லை. கொசுவின் வயிற்றில் அந்நோய்க்கிருமியை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டார். நான்காண்டுகளுக்குள் கிள்ளானில் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்றச் செய்யத் தொடங்கினார். மனிதர்க்கே உரிய மலேரியா வகைகளில் 2018 முதற் சில ஆண்டுகள் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்று ஒன்றேனும் பதிவாகவில்லை; குரங்கினின்று வரும் வகை மட்டும் காட்டோரங்களில் எஞ்சிற்று. காவலன் பணி முடிந்தது. ஆயினும் அவனுக்குக் கொடுத்த கூலி மட்டும் நிற்கவில்லை. சார்டினியாவில் 1950-ஐ ஒட்டியே மலேரியா ஒழிந்தது; மூன்று தலைமுறை கழிந்தும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அங்கே தலசீமியாவைச் சுமக்கின்றனர். அமெரிக்கக் கறுப்பருள் அரிவாளணுச் சுமப்போர் இன்று பன்னிருவரில் ஒருவரளவே. மேற்காப்பிரிக்காவிலுள்ள அளவினும் மிகக் குறைவு. ஆனால், அக்குறைவுக்கு நோயுற்றார் மறைவு மட்டும் காரணமன்று. மற்ற மக்களோடு நேர்ந்த கலப்பும் பெருங்காரணம். விகிதம் மாறுவது இவ்வாறுதான்: கிருமியால், கலப்பால், சில வேளை வெறுந் தற்செயலால்.

தற்செயல் என்றதைச் சிறிது விளக்குவோம். ஏனெனில், அது நம் வீட்டுக்குள் வரும் செய்தி. சிறு கூட்டத்தார் தனித்து வாழ்ந்து தமக்குள்ளேயே மணந்து பெருகினால், முதற் சிலருள் ஒருவரிடம் தற்செயலாயிருந்த பழுதும் கூட்டத்தோடு கூடவே பெருகிவிடும். சபாவின் கடசான் டூசுன் மக்களிடம் தலசீமியா மிகுதி. அவர்களிடம் காணப்படுவது பெரும்பாலும் ஒரே வகைப் பழுது என்பது, ஒரே மூலத்தினின்று வந்ததற்குச் சான்று. இந்தியாவிலோ இது சாதியின் பெயரால் நடந்தது. ஹைதராபாத்து ஆராய்ச்சியாளரும் அமெரிக்க அறிஞரும் கூடி 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன் வரையில் அந்நாட்டு மக்கள் தம்முள் தாராளமாகக் கலந்தே மணந்தனர். அதன் பின்னரே கதவுகள் அடைபட்டன. தூய இரத்தம் என்று மார்தட்டுவோரின் இரத்தத்திலேயே அக்கலப்பு எழுதியிருக்கின்றது! அடைபட்ட கதவுக்குள் நேர்ந்ததென்ன? ஆந்திர நாட்டு வணிகச் சாதி ஒன்றில், அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தொன்றை உடல் சிதைக்க மாட்டாத குறை மிகுந்து, அம்மருந்து ஏற்ற சிலர் நெடுநேரம் மூச்சுத்தசை அசையாது கிடக்கின்றனர். அவர் செய்த பிழை ஏதுமில்லை. மணவட்டம் குறுகியதே காரணம்.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் கொள்ளும் நம் வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. "சொந்தம் விட்டுப் போகலாகாது" என்பர். இவ்வகை மணம் மாற்றுருவின் விகிதத்தை இம்மியும் மாற்றுவதில்லை. ஆனால், ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பழுது இருபுறத்தாலும் வந்து ஒரு குழந்தையிற் சேர வழி செய்கின்றது. முன் சொன்ன ஊரிலே, உறவில்லாதார் மணத்தில் 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் எனின், மாமன் மகள் மணத்தில் ஏறத்தாழ 600-இல் ஒன்றுக்கு. அக்காள் மகள் மணத்தில் 350-இல் ஒன்றுக்கு. அதாவது நான்கு மடங்கும் ஏழு மடங்கும். அயலிற் பெண்ணெடுத்தால் இரத்தம் கெடுமென்று அஞ்சுவோர், உள்ளேயே எடுத்துக் கெடுதியை ஏழு மடங்காக்கிக் கொள்கின்றனர்.

களையெடுப்பு வெறும் பேச்சாகவே நின்றிருப்பின் நாம் இவ்வளவு எழுதியிரோம். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927-இல் கட்டாயக் கருவறுப்பைச் சட்டத்துக்கு உடன்பாடென்று தீர்ப்பளித்தது. அந்நாட்டில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்காளாயினர். 1933-இல் நாஜி ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கருவறுக்கப்பட்டனர். கொடுங்கோலர் மட்டுமா? அரிவாளணு நோயின் மூலம் ஹீமோகுளோபினில் உள்ளது என்று 1949-இல் காட்டியவர் லைனஸ் பாலிங். இருமுறை நோபெல் பரிசு பெற்றவர், அவற்றுள் ஒன்று சமாதானத்துக்கு. அத்தகையவரே 1968-இல், இம்மாற்றுருவைச் சுமக்கும் இளைஞர் ஒவ்வொருவர் நெற்றியிலும் பச்சை குத்துதல் வேண்டும் என்று எழுதினார்! சுமப்பவர் இருவர் ஒருவரையொருவர் விரும்பாமலிருக்கவாம். அடிமைக்குச் சூடிட்ட நாட்டிலே, அவ்வடிமைகளின் பேரர் நெற்றியிற் குறியிடச் சொல்லும்போது அப்பேரறிஞர்க்குக் கூச்சம் தோன்றவில்லை.

சிங்கப்பூரில் 1983-இல் நாட்டின் தலைமையிடத்திலிருந்தே, பட்டம் பெற்ற பெண்டிர் பிள்ளை பெறுவது குறைந்து மற்றவர் பெறுவது மிகுந்தால் நாட்டின் அறிவு குன்றும் என்ற கருத்து எழுந்தது. 1984-இல் பட்டதாரித் தாய்மார் மக்களுக்குப் பள்ளியில் முன்னுரிமையும், கல்வியும் வருவாயும் குறைந்த தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டாற் பத்தாயிரம் வெள்ளியும் என ஏற்பாடாயிற்று. மக்கள் முணுமுணுத்தனர், பட்டதாரிப் பெண்களே அம்முன்னுரிமையை எதிர்த்தனர், 1985-இல் அது கைவிடப்பட்டது. பட்டம் என்பது பள்ளியும் பணமும் காலமும் கூடித் தருவது, மாற்றுருவைப்போல எண்ணத்தக்கதன்று. எண்ணத்தக்க தலசீமியாவையே பாதியாக்க 1250 ஆண்டு வேண்டியிருக்கும்போது, எண்ணவியலாத அறிவுக்கு ஓராண்டுத் திட்டம் வகுத்ததை என்னென்பது!

அங்ஙனமாயிற் சோதனை எதற்கு என்பீர். சைப்பிரஸ் தீவை நோக்குக. அங்கே ஏழில் ஒருவர் சுமப்பவர். மணத்துக்கு முன் சோதனைச் சான்று வேண்டுமென அந்நாட்டுத் திருச்சபையே வற்புறுத்திற்று. ஆனால், அச்சான்றிற் சோதனையின் முடிவை எழுதுவதில்லை. சோதித்து ஆலோசனை பெற்றனர் என்று மட்டுமே எழுதுவர். முடிவறிந்த பின்னரும் சுமப்போர் இணையருட் பெரும்பாலோர் மணத்தைக் கைவிடவில்லை. கருவைச் சோதித்து அறியும் வழியை நாடினர். நோயுற்ற குழந்தை பிறப்பது அங்கே ஏறத்தாழ நின்றுபோயிற்று. மாற்றுருவின் விகிதமோ இன்றும் அப்படியே இருக்கின்றது. ஒரு குழந்தை துன்பத்தினின்று காக்கப்படுவது ஒன்று. இனத்தைத் தூய்மை செய்வது வேறொன்று. முன்னதைச் சோதனை செய்கின்றது. பின்னதை எதுவும் செய்யவில்லை.

மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்க்கு இச்சோதனை நடைபெறத் தொடங்கிற்று, வரவேற்கத் தக்கது. பதினாறு வயதுப் பெண்ணின் முடிவு அவளுக்கும் அவள் பெற்றோர்க்குமே உரியது. உறவினர் கூடத்தில் வாசிப்பதற்கன்று. மணப்பேச்சு வருங்கால், மணமகன் முதலில் தன் சோதனையைச் செய்துகொண்டு வரட்டும். அவன் சுமவாதவனாயின் அவள் தாளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவனும் சுமப்பவனாயின் இருவரும் மருத்துவரிடம் ஒருங்கு சென்று, இரு தாளையும் அருகருகே வைத்துக் கேட்கட்டும். அதற்குப் பின் முடிவு செய்ய வேண்டியவர் அவ்விருவரே.